ஆயில் துப்பிய பழைய புல்லட்: பம்பும் பிரீதரும் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வண்டி 1970-களின் கடைசியில் திருவொற்றியூரில் செய்த புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர், பாயின்ட் இக்னிஷன், வலது காலில் கியர். உரிமையாளர் கோவையில் ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இயந்திரம் தெரிந்த மனிதர், ஸ்பேனர் பிடிக்கவும் தயங்காதவர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் வால்பாறைக்கோ குன்னூருக்கோ கிளம்பிவிடுவார். அலங்காரமாக நிறுத்தி வைத்திருக்கிற வண்டி இல்லை இது, மலை ஏறுகிற வண்டி. பிரச்சினையைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

இந்த வண்டிக்குச் சில வருடம் முன்பு பிக் எண்டில், அதாவது கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்தில், சத்தம் வந்திருக்கிறது. பழைய புல்லட்டில் பிக் எண்ட் பேரிங் ஒரு மிதக்கும் புஷ்தான் (ஒரு உலோக வளையம்), உருளை பேரிங் கிடையாது. அப்போது வேறொரு பட்டறையில் இஞ்சினைப் பிரித்து உருளை பேரிங் போட்ட கனெக்டிங் ராடு மாட்டினார்கள். நல்ல வேலைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "புஷ் போனதே ஆயில் பத்தாமத்தான்" என்று முடிவு கட்டி, ஆயிலை பிக் எண்டுக்கு அனுப்பும் ஃபீட் பம்பின் பிளஞ்சரையும் (உள்ளே போய் வந்து ஆயிலைத் தள்ளும் தண்டு) பெரிதாக்கிவிட்டார்கள். இஞ்சின் மூச்சு விடும் வாயான பிரீதருக்குள் இருந்த தகடுகளை எடுத்துவிட்டு, ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயை நம்பர் பிளேட் வரை இழுத்து விட்டார்கள். மூன்று மாற்றமும் ஒரே சமயத்தில் நடந்ததால், பின்னால் ஆயில் தள்ள ஆரம்பித்தபோது எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த இஞ்சினில் ஆயில் எப்படி ஓடுகிறது

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் இது புரியாமல் மீதி புரியாது.

இங்கிலாந்தில் ரெடிச்சில் ராயல் எண்ஃபீல்டு உருவாக்கிய வடிவம் இது. மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து 1955-இல் எண்ஃபீல்டு இந்தியா தொடங்கியபின் இங்கேயே செய்ய ஆரம்பித்து, அடிப்படை மாறாமல் பல பத்தாண்டுகள் வந்தது. ஆயில் டேங்க் தனியாக வெளியே தொங்காது, கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸின் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒரு அறையாக இருக்கும், இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். டைமிங் கவரில் இரண்டு பம்பு, கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் கியர் இரண்டையும் ஒரே தண்டால் ஓட்டுகிறது. ஒன்று டேங்கிலிருந்து பிக் எண்டுக்கு அனுப்பும். இன்னொன்று கிராங்க் அறையின் அடியில் விழுந்து சேரும் ஆயிலை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பும்.

திருப்பும் பம்பின் கொள்ளளவு அனுப்பும் பம்பைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. இது வீண் தாராளம் இல்லை. கீழே சேர்வது சுத்தமான ஆயில் அல்ல, காற்றோடு அடித்துக் கலந்த நுரை. பாதி காற்றை இழுத்துக்கொண்டே வேலை செய்கிற பம்புக்கு அந்த இரண்டு மடங்கு இருந்தால்தான் அறை காய்ந்திருக்கும்.

அப்புறம் காற்று. 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் 346 சிசி காற்று கிராங்க் அறையில் நெருக்கப்படுகிறது, மேலே ஏறும்போது அதே அளவு இடம் காலியாகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு ஐம்பது முறை நடக்கிறது. பழைய அமைப்பில் டிரைவ் பக்கக் கிராங்க் கேஸில் ஒரு சின்னக் கூடு, அதற்குள் மெல்லிய எஃகுத் தகடுகள்: காற்று வெளியே போகலாம், திரும்பி வர முடியாது. வெளியே போனது திரும்பாததால் உள்ளே சராசரி அழுத்தம் வெளிக் காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். பேக்கிங் எல்லாம் ஆயிலை வெளியே விடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். தகட்டை எடுத்துவிட்டால் இஞ்சின் அந்தக் குழாய் வழியாக முன்னும் பின்னும் மூச்சு விடும், அவ்வளவுதான்.

வண்டி வந்தபோது கண்டது

மலையேறி வந்தால் பின் மட்கார்டு முழுக்க ஆயில். வேகமாகப் போன அன்று பின் டயரின் ஓரத்திலும் ஆயில் இருந்திருக்கிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, அந்தச் சாலையில் பின் டயரில் ஆயில் என்பது தொந்தரவு என்கிற கணக்கில் வராது, ஆபத்து. உரிமையாளர் இதற்கு ஒரு வைத்தியம் செய்திருந்தார்: குழாயின் வாயில் ஸ்பாஞ்சைத் திணித்து ஒரு டப்பாவுக்குள் விட்டிருந்தார். மட்கார்டு சுத்தமாகிவிட்டது. ஆனால் அதன்பிறகு டேப்பெட் கதவில் (வால்வை இயக்கும் பாகங்களை மூடும் மூடி) கசிவு, டைமிங் கவர் ஓரத்தில் கசிவு, எல்லாவற்றையும்விட விசித்திரமாக இடது பக்க பிரைமரி செயின் கேஸில் (இஞ்சினிலிருந்து கிளச்சுக்குப் போகும் செயினின் கூடு) ஆயில் அளவு தானாகவே ஏறிக்கொண்டிருந்தது. கிராங்க் அறையின் அழுத்தம் டிரைவ் பக்க சீலைத் தாண்டி ஆயிலை அங்கே தள்ளுகிறது என்று அர்த்தம்.

காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே நீலப் புகை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

குழாய் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் என்பதால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சுவிங் ஆர்ம் பக்கத்தில் அது தொய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது, அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு நின்றிருந்தது. ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டங்களில் இஞ்சின் முழுச் சூடு ஆகாமல் உள்ளே நிற்கும் ஈரம் இப்படித்தான் சேரும். ஒரு பக்கம் குழம்பு, மறு பக்கம் ஸ்பாஞ்ச், இஞ்சினுக்கு மூச்சு விட வழியே இல்லை.

பட்டறையில் எழுபதைத் தாண்டிய ஒரு மேஸ்திரி உண்டு, புல்லட்டைத் தவிர வேறு எதையும் வண்டியாக மதிக்காதவர். ஸ்பாஞ்சை வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு உரிமையாளரிடம் கேட்டார்: "ஏனுங்க தம்பி, மூக்கு ஒழுகுதுன்னு மூக்கை அடைச்சா சளி எங்கீங்க போகும்?"

உரிமையாளர் சிரித்தார், ஆனால் அவருக்கு ஏற்கனவே ஏகப்பட்ட யோசனை வந்து குவிந்திருந்தது. இன்னும் தடிமனான குழாய் போடு, இரண்டு பிரீதர் போடு, பெரிய டப்பா மாட்டு, கெட்டியான ஆயில் ஊற்று. எல்லாமே ஆயில் வெளியே வருகிற வாயைப் பற்றிய யோசனைகள். அறைக்குள் அவ்வளவு ஆயில் ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் முடிவு: பிரீதரைத் தொடாமல் அளந்து பார்ப்பது

கம்ப்ரஷனும் லீக்கும் முதலில் பார்த்தோம். ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்கினால் எந்த பிரீதராலும் சமாளிக்க முடியாது, அதனால் இதைத் தள்ளி வைத்துவிட்டு மேலே போவதில் பொருள் இல்லை. சிலிண்டர் நன்றாகவே இருந்தது.

அடுத்தது கிராங்க் அறையின் அடி டிரெயின் பிளக். புல்லட்டில் டேங்குக்குத் தனி பிளக், கிராங்க் அறைக்குத் தனி பிளக் இருப்பது பெரிய வசதி, பலர் இதைப் பயன்படுத்திக்கொள்வதே இல்லை. நல்ல சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து, இஞ்சினை நிறுத்திய உடனே கிராங்க் அறை பிளக்கைக் கழற்றி, வந்த ஆயிலை அளவு ஜாடியில் பிடித்தோம். திருப்பும் பம்பு சரியாக இருந்தால் வருவது கொஞ்சம்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் அறை காய்ந்திருக்க வேண்டும். கால் லிட்டருக்கு மேல் வந்தது. பிளக்கை மாட்டி, ஒரு ராத்திரி நிறுத்தி வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி கழற்றினோம். திரும்பவும் ஒரு டம்ளர் ஆயில்.

முதல் அளவு ஓடும்போது இருக்கும் கோளாறைச் சொல்கிறது: உள்ளே வருவதை வெளியே எடுக்க முடியவில்லை. இரண்டாவது அளவு நிற்கும்போது இருக்கும் கோளாறு: டேங்கில் இருக்கும் ஆயில் பம்பு வழியாகக் கசிந்து அறைக்குள் இறங்குகிறது, இதைத்தான் வெட் சம்பிங் என்பார்கள், காலைப் புகை அதிலிருந்து வருகிறது. இரண்டையும் ஒரே கோளாறாக நினைத்துக் குழப்பிக்கொள்வது மிகவும் சகஜம்.

டைமிங் கவரைத் திறந்தபோது

இந்தப் பம்பில் வட்டமான ஒரு தட்டு, அதற்குள் ஒரு துளை, துளைக்குள் பிளஞ்சர். தண்டின் முனையில் மையம் விலகி இருக்கும் குச்சி பிளஞ்சரை ஆட்டும்போது தட்டும் இப்படியும் அப்படியும் அசையும், அசையும்போது கவரில் உள்ள ஓட்டைகளை மாறி மாறித் திறந்து மூடும். தட்டைக் கவரோடு அழுத்திப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங் மட்டுமே. ஆக தட்டின் முகமும் கவரின் முகமும் கண்ணாடி போல ஒட்டி உட்கார வேண்டும், நடுவில் கீறல் இருந்தால் ஓடும்போதும் கசியும், நிற்கும்போதும் கசியும்.

இரண்டு தட்டிலும் வட்டக் கீறல்கள் இருந்தன. எப்போதோ ஃபில்டரைத் தாண்டிப் போன இரும்புத் துகள், பெரும்பாலும் பழைய பிக் எண்ட் உடைந்தபோது வந்தது. திருப்பும் பம்பின் பிளஞ்சரும் துளைக்குள் தளர்வாக ஆடியது. ஃபீட் பிளஞ்சரோ புதிது, விட்டம் பழையதைவிடக் கால் பங்கு கூடுதல்.

கால் பங்கு என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் அளவு விட்டத்தின் வர்க்கத்தில் ஏறும்: 1.25 பெருக்கல் 1.25, ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆயில் உள்ளே போகிறது. இரண்டுக்கு ஒன்று என்று இருந்த விகிதம் கணக்கில் ஒன்றேகாலுக்கு இறங்கிவிட்டது, அதுவும் திருப்பும் பம்பு புதிதாக இருந்தால். தேய்ந்த பம்பு, நுரை ஆயில், மலையேற்றத்தில் நீண்ட நேரம் ஓடும் சுற்று. அறை நிரம்பத்தான் செய்யும். நிரம்பிய அறையில் ஃபிளைவீல் சுழன்றால் ஆயில் புகையாகச் சிதறும், பிஸ்டன் அதை இருக்கிற ஒரே வாய் வழியாக வெளியே தள்ளும்.

பம்பில் எடுத்த முடிவு

இரண்டு வழி இருந்தது. ஃபீட் பெரிதாக இருப்பதை அப்படியே விட்டு, திருப்பும் பம்பையும் அதே விகிதத்தில் பெரிதாக்கலாம், ஜோடியாகவே பெரிய பம்புகள் கிடைக்கின்றன. இல்லையென்றால் ஃபீடைப் பழைய அளவுக்கே கொண்டு வரலாம். உரிமையாளருக்கு முதல் வழிமேல் ஆசை. "ஆயில் ஜாஸ்தி போனா நல்லதுதானேண்ணா?" என்று மேஸ்திரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

பழைய அளவுக்கே போனோம். காரணம் எளிது: மிதக்கும் புஷ்ஷுக்குத்தான் ஆயில் தொடர்ந்து நிறைய வேண்டும், அது ஆயில் படலத்தின் மேல் மிதந்து ஓடுவது. இந்த இஞ்சினில் இப்போது இருப்பது உருளை பேரிங். அதற்கு ஆயில் வேண்டும், ஆனால் அவ்வளவு வேண்டாம். புஷ்ஷைக் காப்பாற்றப் பெரிதாக்கிய பம்பு, புஷ் போன பிறகும் வேலை செய்துகொண்டிருந்தது. புஷ்ஷோடு ஓடுகிற இஞ்சினாக இருந்தால் ஜோடிப் பெரிய பம்புதான் என்று நான் சொல்லியிருப்பேன்.

துளை தட்டில்தான் இருக்கிறது, கவரில் இல்லை என்பதால் புதிய தட்டும் பிளஞ்சரும் வாங்கினால் போதுமாக இருந்தது, கவரைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. தட்டுகளைக் கவரிலேயே மிக நைஸான பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தோம். இதில் தேய்ப்பது சுலபம், பேஸ்டைக் கழுவி எடுப்பதுதான் வேலை, ஒரு ஆயில் ஓட்டையில் மிச்சம் ஒட்டியிருந்தாலும் அது நேராக பிக் எண்டுக்குப் போகும். கவர் முகத்தில் கூடுதலாக அனபாண்ட் பிசின் பூசுவதையும் தவிர்த்தோம், பிதுங்கி உள்ளே விழும் பிசின் ஆயில் ஓட்டையை அடைத்த பம்புகளை மேஸ்திரி நிறையப் பார்த்திருக்கிறார்.

மாட்டியபின் உடனே ஸ்டார்ட் செய்யவில்லை. ஃபில்டர் கூட்டில் ஆயில் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் வெளிக் குழாயின் போல்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் தலை காட்டும்வரை கிக்கரை உதைத்தோம். பம்பு காய்ந்துபோன நிலையில் ஸ்டார்ட் செய்தால் புது வேலை முதல் நிமிடத்திலேயே வீணாகும்.

பிரீதரை அப்போதும் மாற்றவில்லை. ஸ்பாஞ்சை எடுத்து, குழாயின் தொய்வை நிமிர்த்தி, நுனியில் தற்காலிகமாக ஒரு டப்பா, அவ்வளவுதான். அதே மலைப்பாதையில் போய் வந்து டப்பாவைப் பார்த்தால் அடியில் ஒரு பூச்சு. கிராங்க் அறை பிளக்கில் சூடாக வந்தது ஒரு சின்னக் கிண்ணம் அளவு. ஆயில் துப்பும் பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிட்டது, பிரீதரில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல்.

பிரீதர்

மிச்சம் இருந்தது டேப்பெட் கதவின் கசிவும் பிரைமரியில் ஏறும் ஆயிலும். குறைந்திருந்தன, நிற்கவில்லை. இது அழுத்தத்தின் வேலை. ஒருவழி வால்வு மறுபடி வேண்டும்.

அளப்பதற்கு ஒரு கருவி செய்தோம்: தெளிவான குழாயை U வடிவில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைக் கிராங்க் அறையோடு இணைத்தோம். ஒற்றை சிலிண்டரின் துடிப்பில் தண்ணீர் குதித்துக்கொண்டே இருந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. பழைய கார்புரேட்டர் பைலட் ஜெட் ஒன்றைக் குழாய்க்குள் திணித்து வழியைச் சுருக்கியதும் சராசரி நின்று தெரிந்தது. (குழாயை நல்ல உயரமாக வையுங்கள், இஞ்சின் உறிஞ்சினால் சாயத் தண்ணீர் உள்ளே போய்விடும்.)

திறந்த குழாயில் வெளி அழுத்தத்தைவிடக் கொஞ்சம் மேலே நின்றது, சுற்று கூடக் கூட இன்னும் மேலே. கார் பிரேக் பூஸ்டரில் இருக்கும் ஒருவழி வால்வு மலிவாகக் கிடைக்கும், பலரும் போடுகிறார்கள், அதை முதலில் பார்த்தோம். ஐடிலில் அழகாக உறிஞ்சியது, வேகம் கொடுத்ததும் பலன் தேய்ந்துவிட்டது. ரப்பர் மூடி நொடிக்கு ஐம்பது முறை மூடித் திறக்கச் செய்தது இல்லை. பிறகு ஆர்எக்ஸ் 100-இன் ரீடு வால்வு இதழ் ஒன்றை எடுத்து, லேத் கடையில் அதற்கு அளவாக ஒரு அலுமினியக் கூடு கடைந்து மாட்டினோம். டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் இதைவிட வேகமாக அடிப்பதற்காகவே செய்த இதழ் அது. தண்ணீர் ஒரு சாண் அளவுக்குக் கீழ்ப் பக்கம் போய், சாலையில் ஓட்டும் சுற்று முழுக்க அங்கேயே நின்றது.

கூட்டைக் கிராங்க் கேஸின் பழைய பிரீதர் வாயிலேயே ஒட்டினாற்போல் வைத்தோம். இதே வால்வைக் குழாயின் கடைசியில் போட்டுப் பார்த்தபோது பாதிப் பலன்கூட இல்லை, குழாய்க்குள் இருக்கும் காற்றே மெத்தை போல அமுங்கி விரிந்து வால்வை வேலை செய்யவிடாமல் ஆக்குகிறது. வால்வுக்கு அப்பால் குழாய் ஒரே சரிவாகக் கீழே இறங்கி, டூல் பாக்ஸ் பின்னால் ஒரு டப்பாவில் முடிகிறது. திருப்பும் பம்பு ஆயிலோடு காற்றையும் டேங்குக்குள் தள்ளுவதாலும், ஆயில் ஊற்றும் மூடியில் ஏற்கனவே கசிவு இருந்ததாலும், அந்த வாயிலிருந்தும் ஒரு சின்னக் குழாய் அதே டப்பாவுக்குப் போகிறது.

அதன்பின்

ஒரு மழைக்காலம் ஓடியிருக்கிறது. டேப்பெட் கதவு காய்ந்திருக்கிறது. பின் டயரில் ஒரு துளி இல்லை. டப்பாவில் சேர்வது பெரும்பாலும் அந்த வெள்ளைக் குழம்புதான், அதைக் கொட்டிவிட வேண்டும், சில பேர் செய்வதுபோல் இஞ்சினுக்குள் திருப்பி ஊற்றக் கூடாது. காலைப் புகை நின்றுவிட்டது, ஆனால் வண்டி வாரக்கணக்கில் நின்றால் கொஞ்சம் ஆயில் இன்னும் அறைக்குள் இறங்கத்தான் செய்கிறது. ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்காரும் தட்டில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. நீண்ட நாள் நிறுத்தியபின் உரிமையாளர் அடி பிளக்கைக் கழற்றி, வந்ததை டேங்கில் ஊற்றிவிட்டுத்தான் உதைக்கிறார். கெட்டி ஆயிலுக்கு மாறவில்லை, அதே 20டபிள்யூ-50.

அடுத்த முறை

அழுத்தம் அளக்கும் குழாயை வண்டி வந்த அன்றே, ஸ்பாஞ்சை எடுப்பதற்கு முன்பே மாட்டுவோம். அந்த அடைப்பு எவ்வளவு அழுத்தத்தை ஏற்றி வைத்திருந்தது என்ற எண் இப்போது யாரிடமும் இல்லை, இருந்திருந்தால் பிரைமரியில் ஆயில் ஏறியதில் அடைப்பின் பங்கு எவ்வளவு, சீலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். ரீடு கூட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யும்படி இரண்டு திருகோடு செய்வோம், இப்போது இருப்பதை லேத்தில்தான் திறக்க முடியும். இதழ் உடைந்தால் துண்டு டப்பா பக்கம்தான் போகும் என்றாலும், கிராங்க் பக்கம் ஒரு கம்பி வலை வைப்பது நல்லது.

பிரைமரி ஆயில் ஏறும் வேகம் மிகவும் குறைந்துவிட்டது, முழுதாக நிற்கவில்லை. டிரைவ் பக்க சீல் பழையதுதான். அதை மாற்ற பிரைமரி கவர், கிளச், இஞ்சின் ஸ்பிராக்கெட் எல்லாம் கழற்ற வேண்டும். கிளச் பிளேட் மாற்றும்போது சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று உரிமையாளரும் மேஸ்திரியும் பேசி வைத்திருக்கிறார்கள், அதுவரை மாதம் ஒரு முறை அளவுத் திருகைக் கழற்றிக் கூடுதலை வடித்துவிடுகிறார்.